நகரத்துக்குப் பசுமை விருது: விண்ணப்பக் கோப்பைத் தயாரிப்பது எப்படி?

"நம் நகரமும் ஒரு பசுமை விருதுக்கு விண்ணப்பிக்கலாமே" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். கூட்டம் முடிந்ததும் அந்த வேலை ஒரே ஒருவர் தலையில் வந்து விழும். அந்த ஒருவர் நீங்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நீங்கள் பூங்காத் துறையில் எழுத்தராக இருக்கலாம், இளநிலைப் பொறியாளராக இருக்கலாம், நகரத்தோடு சேர்ந்து வேலை பார்க்கும் தன்னார்வ அமைப்பில் இருக்கலாம். இப்படி ஒரு கோப்பை முதல் தாளிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை சுமந்து முடித்தபோது, இதையெல்லாம் முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

எத்தனை ஆயிரம் கன்று நட்டீர்கள் என்ற எண்ணைப் பார்த்து நடுவர்கள் மயங்குவதில்லை. எந்தப் பிரச்சினைக்காக நட்டீர்கள், எத்தனை பிழைத்தன, அதனால் யாருக்கு என்ன மாறியது, நாளைக்கு அதற்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார்? கோப்பில் வைக்கும் ஒவ்வொரு தாளும் இந்த நான்கில் ஒன்றுக்காவது பதில் சொல்ல வேண்டும். சொல்லாத தாளை எடுத்துவிடுங்கள்.

1. எந்த அங்கீகாரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பசுமை விருது என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று தகுதி அங்கீகாரம்: சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றினால் கிடைக்கும், மற்ற நகரங்களோடு போட்டி இல்லை. இன்னொன்று போட்டி: உங்களைவிடச் சிறப்பாகச் செய்த நகரம் வந்தால் உங்களுக்கு இல்லை.

முதல் வகையில் புதியவர்களுக்கு ஏற்றது 'உலக மர நகரங்கள்' திட்டம். ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பும், மர நடுகைக்கான அமெரிக்க அமைப்பான ஆர்பர் டே ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்துவது. நிபந்தனைகள் ஐந்தே ஐந்து: மரங்களுக்குப் பொறுப்பான அலுவலரோ குழுவோ இருக்க வேண்டும், மரங்களைப் பற்றிய சட்டமோ கொள்கையோ இருக்க வேண்டும், மரக் கணக்கெடுப்பு இருக்க வேண்டும், அதற்கென்று ஆண்டு நிதி ஒதுக்கீடு இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மரங்களைக் கொண்டாடும் நிகழ்ச்சி நடக்க வேண்டும். அமெரிக்காவில் 1976 முதல் நடக்கும் 'ட்ரீ சிட்டி யு.எஸ்.ஏ.' இதற்கு மூத்தது. அதில் தலைக்கு 2 டாலராவது மரப் பராமரிப்புக்குச் செலவிட்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. தன்னார்வலர்கள் உழைத்த நேரத்தின் மதிப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

போட்டி வகையில் முக்கியமானது ஏ.ஐ.பி.எச். எனப்படும் பன்னாட்டுத் தோட்டக்கலை உற்பத்தியாளர் சங்கம் நடத்தும் உலகப் பசுமை நகர விருது. 2022-இல் தொடங்கியது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. முதல் முறை 6 பிரிவுகள் இருந்தன: பல்லுயிர், காலநிலை மாற்றம், உடல்நலம், தண்ணீர், சமூக ஒற்றுமை, பொருளாதார மீட்சி. பிரிவுக்கு 3 நகரம் என்று 18 நகரங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. ஒட்டுமொத்த வெற்றி ஹைதராபாத்துக்குப் போனது. செடிகளையும் மரங்களையும் வைத்து ஒரு நகரப் பிரச்சினையைத் தீர்த்திருக்கிறீர்களா என்பதுதான் இங்கே மையக் கேள்வி. பிரிவுகளும் கேள்விகளும் முறைக்கு முறை மாறும் என்பதால் பழைய விண்ணப்பத்தின் நகலை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள்.

பணப் பரிசு எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பசுமைத் தலைநகர் விருதில் 6 லட்சம் யூரோ தருகிறார்கள். ஆனால் அது ஐரோப்பாவில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டும். அங்கே காற்று, இரைச்சல், குப்பை எல்லாம் சேர்த்துத்தான் மதிப்பிடுவார்கள், செடி அதில் ஒரு பங்கு.

என் கருத்து: முதல் தடவை என்றால் தகுதி அங்கீகாரத்துக்குப் போங்கள். அந்த ஐந்து நிபந்தனைக்கும் ஆவணம் திரட்டினாலே போட்டி விருதுக்கு வேண்டிய கோப்பில் பாதி தயாராகிவிடும்.

2. கையெழுத்தை முதல் மாதமே வாங்குங்கள்

விருது நகரத்துக்கு. எனவே நகர நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லாமல் விண்ணப்பம் நகராது. தன்னார்வ அமைப்பு எவ்வளவு உழைத்திருந்தாலும் கடிதம் மேயர் அல்லது நிர்வாகத் தலைவரின் கையெழுத்தோடு, அதிகாரபூர்வ முத்திரையோடு போக வேண்டும்.

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் பெரும்பாலான கோப்புகள் சாகிற இடம். கையெழுத்திட வேண்டியவர் பயணத்தில் இருப்பார், மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது தேர்தல் அறிவிப்பு வந்து எல்லாக் கோப்பும் முடங்கிக் கிடக்கும். அதனால் விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே மூன்று தாள்களை வாங்கி வைத்துவிடுங்கள்: விண்ணப்பிக்க அனுமதிக்கும் ஆணை அல்லது மன்றத் தீர்மானம், உங்களைத் தொடர்பு அலுவலராக நியமிக்கும் குறிப்பு, மற்ற துறைகள் உங்களுக்குத் தகவல் தர வேண்டும் என்ற சுற்றறிக்கை. மூன்றாவது இல்லாவிட்டால் நீர் வழங்கல் துறையும் சாலைத் துறையும் உங்கள் கடிதத்தை எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். இருந்தாலும் நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

3. முழு நகரத்தையும் சொல்லாதீர்கள், ஒரு திட்டத்தைச் சொல்லுங்கள்

எல்லாத் துறையும் "எங்களுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வரும். பூங்கா, மொட்டைமாடித் தோட்டம், பள்ளிக்கூடத்தில் நட்ட கன்று, மேம்பாலத் தூணில் தொங்கவிட்ட தொட்டிகள். அத்தனையையும் போட்டால் விண்ணப்பம் ஆண்டறிக்கை மாதிரி ஆகிவிடும். படிப்பவர் மனதில் எதுவும் நிற்காது.

வென்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஹைதராபாத் தன் வெளிவட்டச் சாலையை எடுத்துக்கொண்டது: 158 கிலோமீட்டர், அதன் ஓரத்திலும் நடுவிலும் நட்ட பசுமை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2019-இல் பிரிட்டனின் காலநிலை விருதான ஆஷ்டன் விருதை வாங்கியது, வெப்பத்தைத் தணிக்க 30 பசுமை வழித்தடங்கள் அமைத்ததற்காக: 18 சாலையோரம், 12 நீர்வழியோரம். அந்தத் தோட்டங்களைப் பராமரிக்க, வசதியில்லாத குடும்பத்தவர்களுக்குத் தோட்டவேலைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே திட்டத்தில் பிரச்சினை, செடி, மனிதர்கள், பராமரிப்பு நான்கும் வந்துவிட்டன.

உங்கள் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். இந்த வரியில் உள்ள கோடிட்ட இடங்களை நிரப்பிப் பாருங்கள்: "______ பகுதியில் ______ பிரச்சினை இருந்தது, ______ ஆண்டு ______ வகைச் செடிகளை ______ பரப்பில் வளர்த்தோம், இப்போது ______." கடைசி இடத்தை ஓர் அளவோடு நிரப்ப முடிகிறதா? அந்தத் திட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். "அழகாக இருக்கிறது" என்று மட்டும்தான் எழுத முடிகிறது என்றால் வேறு திட்டத்தைப் பாருங்கள். நட்டு இரண்டு வருடமாவது ஆகாத திட்டத்தையும் தவிர்த்துவிடலாம். பிழைத்ததா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இருக்காது.

4. மரக் கணக்கு: அதிக நேரம் இங்கேதான் போகும்

எந்த அங்கீகாரமாக இருந்தாலும் 'உங்களிடம் என்ன இருக்கிறது' என்று கேட்பார்கள். பெரும்பாலான நகரங்களில் இதற்குப் பதிலாக இருப்பது கன்று வாங்கிய ரசீது. ரசீது வாங்கியதற்குத்தான் சான்று. கன்று இன்றைக்கு உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

முழு நகரத்துக்கும் கணக்கெடுக்க வசதி இல்லையா? உங்கள் திட்டப் பகுதிக்கு மட்டுமாவது எடுத்துவிடுங்கள். ஒரு மரத்துக்கு இந்த விவரங்கள் போதும்: வரிசை எண், ஜி.பி.எஸ். இடம், அறிவியல் பெயர், உள்ளூர்ப் பெயர், தண்டின் சுற்றளவு, தோராயமான உயரம், நலமா நோயா பட்டதா, பார்த்த தேதி, பார்த்தவர். சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். ஆளாளுக்கு ஓர் உயரத்தில் நாடாவைச் சுற்றினால் அடுத்த வருடம் மரம் இளைத்துவிட்டதாகக் கணக்கு காட்டும்! அளக்கப் போகிறவர்கள் கையில் 1.3 மீட்டரில் கோடு போட்ட ஒரு குச்சியைக் கொடுத்து அனுப்புங்கள்.

அறிவியல் பெயர்ப் பத்தியைக் கட்டாயமாக வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே பட்டியலில் 'அரசு', 'அரச மரம்', 'அரசமரம்', 'ஃபைகஸ்' என்று ஒரே மரம் நான்கு இனமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். எக்செல் அதை நான்காகத்தான் எண்ணும். "எங்களிடம் இத்தனை இனங்கள் உள்ளன" என்று பெருமையாக எழுதி, ஒரு தாவரவியலாளர் அதைப் பார்த்தால் முழுக் கோப்பின் நம்பகமும் போச்சு. தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி படிவத்தை அமைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. கணக்கெடுப்பு முடிந்த பிறகு சரிசெய்யலாம் என்று விட்டால், வாரக்கணக்கில் உட்கார்ந்து திருத்த வேண்டிவரும்.

இன வேறுபாடு பற்றிக் கேட்டால் மேற்கோள் காட்ட ஓர் அளவுகோல் உண்டு: 10-20-30 விதி. 1990-இல் ஃபிராங்க் சான்டமூர் என்ற தாவரவியலாளர் முன்வைத்தது. நகரத்து மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்தையும், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) 20 சதவீதத்தையும், ஒரே குடும்பம் (நெருங்கிய பேரினங்களின் தொகுதி) 30 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பார். ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடக் கூடாதே என்ற கவலைதான் காரணம். மெல்பர்ன் நகரம் தன் 2012 நகர்ப்புறக் காடு திட்டத்தில் இதையும் இறுக்கி 5, 10, 20 என்று வைத்துக்கொண்டது. உங்கள் எண்கள் இந்த வரம்புகளுக்குள் வராவிட்டால் மறைக்காதீர்கள். இனி நடுவதில் எப்படிச் சரிசெய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

மரநிழல் பரப்பு எவ்வளவு சதவீதம் என்றும் கேட்பார்கள். இதற்குச் செயற்கைக்கோள் நிபுணர் தேவையில்லை. அமெரிக்க வனத்துறை வெளியிடும் 'ஐ-ட்ரீ கேனப்பி' இலவசம், உலாவியிலேயே ஓடும். நகர எல்லையைக் கொடுத்தால் வான்படத்தின்மேல் எங்கெங்கோ புள்ளி வைக்கும். அது விழுந்தது மரத்திலா, கூரையிலா, சாலையிலா என்று நீங்கள் குறித்துக்கொண்டே போக வேண்டும். மரப்பரப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 500 புள்ளி குறித்தால் திட்டப்பிழை (உங்கள் மதிப்பீடு உண்மையிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) ஏறக்குறைய கூடக்குறைய 2 சதவீதம் இருக்கும். 1000 குறித்தால் ஒன்றரைக்கு இறங்கும். அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுங்கள். 'தோராயமாக' என்று எழுதுவதைவிட அது மதிப்பானது. முழுவதையும் ஒரே ஆள் குறிப்பது நல்லது. புதருக்கும் மரத்துக்கும் நடுவே ஆளுக்கொரு கோடு இருக்கும்.

5. 'முன்பு' எப்படி இருந்தது?

பின்பு எடுத்த போட்டோ எல்லோரிடமும் இருக்கும். முன்பு எடுத்தது யாரிடமும் இருக்காது. ஒப்பந்ததாரரின் வேலைத்தொடக்கப் படம், பழைய செய்தித்தாள், அந்தத் தெருக்காரர் கல்யாண வீடியோ என்று எங்கும் தேடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் வான்படம் இருக்கிறது. கிடைத்த படத்தோடு அதே இடத்தில் நின்று, அதே பக்கம் பார்த்து, முடிந்தால் அதே மாதத்தில் புதுப் படம் எடுங்கள். கோடையில் எடுத்த 'முன்பு', மழைக்குப் பின் எடுத்த 'பின்பு' என்று வைத்தால் நடுவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மழை செய்த வேலைக்கு நீங்கள் பெயர் வாங்கப் பார்ப்பதாகத்தான் படும்.

அளவுகளில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று வெப்பம். செயற்கைக்கோள் தருவது தரைப்பரப்பின் வெப்பம். நாம் உணர்வது காற்றின் வெப்பம். தார்ச்சாலைக்கும் மரநிழல் தரைக்கும் பரப்பு வெப்பத்தில் பெரிய வித்தியாசம் வரும், காற்றில் அவ்வளவு வராது. முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதைப் போல எழுதாதீர்கள். இன்னொன்று கார்பன். முதிர்ந்த மரம் ஆண்டுக்கு இழுக்கும் கரியமில வாயு அளவை எங்கிருந்தோ எடுத்து, நட்டு ஒரு வருடம் ஆன கன்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, டன் டன்னாகக் காட்டுவார்கள். ஒவ்வொரு துறையும் இப்படி ஒரு தாளை உங்களிடம் தரும். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கோப்பில் சேர்க்காதீர்கள்.

மக்களுக்கு என்ன கிடைத்தது என்று காட்ட 3-30-300 கைகொடுக்கும். 2021-இல் செசில் கோனைனென்டைக் என்ற நகர்ப்புறக் காட்டியல் அறிஞர் சொன்னது: வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம் தெரிய வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 சதவீதம் மரநிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்காவோ பசுமையிடமோ வேண்டும். திட்டப் பகுதியில் எத்தனை வீடுகளுக்கு 300 மீட்டர் கிடைக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டால் பத்துப் பக்கம் எழுதுவது மிச்சம். 300 மீட்டரை வானத்தில் கோடு போட்டு அளக்காமல் நடக்கிற வழியில் அளந்து பாருங்கள். நடுவில் ரயில்பாதை இருந்தால் கணக்கே மாறிவிடும்.

6. சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

இது சுருக்கமாக: ஒப்புதல் ஆணை, திட்டம் தொடங்கிய தீர்மானம், மரம் வெட்டுவது, நடுவது பற்றிய விதி, மூன்று ஆண்டு நிதி ஒதுக்கீட்டின் பக்கங்கள், பராமரிப்பு ஒப்பந்தம், மரக் கணக்கு, வரைபடம், பிழைத்த விகிதம், மக்கள் கூட்டங்களின் குறிப்பும் வருகைப் பதிவும், படம் எடுத்தவர்களின் அனுமதி, குழந்தைகள் முகம் தெரிகிற படங்களுக்குப் பெற்றோர் சம்மதம்.

நிதிப் பக்கத்தில் கவனம் வேண்டும். மரத்துக்கான செலவு பெரும்பாலும் தனித் தலைப்பில் இருக்காது. சாலைப் பணி, குடிநீர், துப்புரவு என்று சிதறிக் கிடக்கும். கணக்குப் பிரிவில் ஒருவரைப் பிடித்து, மரத்துக்குப் போன பகுதியைப் பிரித்து ஒரே அட்டவணையாக்கிக் கையெழுத்து வாங்குங்கள். நடுகைச் செலவும் பராமரிப்புச் செலவும் தனித்தனிப் பத்தியில் இருக்கட்டும். நட்டதற்குக் கொட்டிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற ஒன்றும் ஒதுக்கவில்லை என்றால், இந்த அட்டவணையில் அது பளிச்சென்று தெரியும். தெரிந்தால் நல்லதுதான், அடுத்த நிதியாண்டுக்கு முன் கேட்டு வாங்க உங்கள் கையில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

7. செலவு எங்கே போகும்

கட்டணம் உண்டா இல்லையா என்பதை அந்த ஆண்டின் விதிமுறையில் பார்த்துவிடுங்கள். உங்கள் பட்ஜெட்டைத் தின்பது கட்டணமாக இருக்காது. கணக்கெடுக்கும் ஆட்களின் கூலி, மொழிபெயர்ப்பு, நல்ல படம், வரைபடம், இறுதிச் சுற்றுக்குப் போனால் பயணம், இந்த வரிசையில்தான் போகும். பயணத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்காமல், தேர்வான பிறகு கோப்பு அனுப்பினால் விழா முடிந்தபின் ஒப்புதல் வரும்.

கணக்கெடுப்பில் மிச்சம் பிடிக்கக் கல்லூரி மாணவர்களை அழைக்கலாம். ஆனால் பத்தில் ஒரு மரத்தையாவது விவரம் தெரிந்தவர் மறுபடி சரிபார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தாவரப் பெயரும் அரசு ஆணையும் தெரியாத ஒருவர் கையில் போனால் 'புறம்போக்கு' என்ற ஒரு சொல் மூன்று பக்கத்தில் மூன்று விதமாக வரும்.

'உத்தரவாதமாக வாங்கித் தருகிறோம்' என்று ஆலோசகர்கள் வந்தால் கதவைச் சாத்துங்கள். கூடவே, பெயர் கேள்விப்படாத அமைப்பிடமிருந்து 'உங்கள் நகரம் தேர்வாகிவிட்டது, கேடயத்துக்கும் விழா மேசைக்கும் பணம் கட்டுங்கள்' என்று மின்னஞ்சல் வரும். விண்ணப்பிக்காத விருது வீடு தேடி வந்தால் அது வியாபாரம்.

8. எழுதும்போது

"பசுமையில் முன்னோடியாகத் திகழும் எங்கள் நகரம்" என்று தொடங்கும் வரியை வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி இருக்கட்டும்: "பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைவரை நடப்பவர்களுக்கு நிழலே இல்லை. நோயாளிகளோடு வருபவர்கள் மதிய நேரத்தில் கடைகளின் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள்." படிப்பவர் அந்தச் சாலையில் நின்றுவிட்டார். அடுத்து நீங்கள் சொல்லும் எண் அவருக்குப் புரியும்.

ஒரு கேள்விக்கு இத்தனை சொற்கள் என்று வரம்பு இருக்கும். படிவம் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடலாம். முக்கியமான எண்ணை முதல் இரண்டு வரிக்குள் வைத்துவிடுங்கள். சரியாக வராததையும் ஒரு பத்தி எழுதுங்கள்: எந்த இனம் பட்டுப்போனது, ஏன், அதற்குப் பதில் என்ன வைத்தீர்கள். மேலதிகாரிகள் இதை நீக்கச் சொல்வார்கள். வாதாடிப் பாருங்கள், நூறு சதவீதம் பிழைத்தது என்று எழுதும் நகரத்தை மரம் வளர்த்த எவரும் நம்ப மாட்டார்கள்.

9. காலக்கணக்கு

கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஓராண்டுக்கு முன் ஒப்புதலும் திட்டத் தேர்வும். பத்து மாதத்துக்கு முன் கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டும். இலையுதிர்க்கும் மரங்கள் உள்ள பகுதி என்றால் இலை இருக்கும் பருவத்துக்குள் முடியுங்கள், இல்லையென்றால் பாதி மரத்தை இனம் காண முடியாது. ஆறு மாதத்துக்கு முன் மற்ற துறைகளின் தகவல் கைக்கு வந்திருக்க வேண்டும். மூன்று மாதம் எழுதுவதற்கும் மொழிபெயர்ப்புக்கும். கடைசி மாதம் முழுக்கக் கையெழுத்துக்கு மட்டும். பதிவேற்றத்தை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்; படங்களின் அளவு பெரிதென்று தளம் திருப்பியனுப்பும், கடைசி நேரம் எந்த நாட்டு நேரக் கணக்கில் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடர்பு மின்னஞ்சலாக உங்கள் சொந்த முகவரியைக் கொடுக்காதீர்கள். நீங்கள் மாற்றலாகிப் போனால் "இன்னும் ஒரு விளக்கம் தேவை" என்ற கடிதம் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். அலுவலகப் பொது முகவரி ஒன்றை உருவாக்கி, இரண்டு பேராவது தினமும் பார்க்கும்படி செய்யுங்கள்.

10. அனுப்பிய பிறகு

உலகப் பசுமை நகர விருதில் முதலில் தொழில்நுட்பக் குழு மதிப்பெண் போடும், அப்புறம் நடுவர் குழு. நடுவில் கேள்விகள் வரலாம். அனுப்பிய கோப்பின் ஒரு நகலையும், எந்த எண் எந்தத் தாளிலிருந்து வந்தது என்ற குறிப்பையும் ஒன்றாக வைத்திருங்கள். குறிப்பு இல்லாவிட்டால் உங்கள் சொந்த எண்ணுக்கே ஆதாரம் தேடி அலைவீர்கள்.

உலக மர நகரங்கள் அங்கீகாரம் அந்தந்த ஆண்டுக்குத்தான். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். கொண்டாட்டத்தின் படம், அந்த ஆண்டு நிதிப் பக்கம், நட்ட கணக்கு, பட்ட கணக்கு, நான்கையும் மாதாமாதம் ஒரு உறையில் போட்டுக்கொண்டே வாருங்கள். மரக் கணக்கின் மூலக் கோப்பும் அதன் கடவுச்சொல்லும் துறையிடம் இருக்கட்டும். கணக்கெடுத்த நிறுவனத்தின் மடிக்கணினியில் மட்டும் இருந்தால் ஒப்பந்தம் முடிகிற அன்றே அது உங்களுக்கு இல்லை. கடைசித் தவணைப் பணத்தை விடுவிக்கும் முன் அதை வாங்கிவிடுங்கள்.